97 சதவீதம் வாங்கிய செகரட்டரி

மூன்றாவது நாள் இரவு என் மகன் பொறுமை இழந்து கேட்டான்: "டிடெக்டிவ் கதைன்னு சொன்னீங்களேம்மா, கேஸ் எப்ப வரும்?"

பெரியம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை நீக்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அடுத்த கண்ணுக்கும் நாள் குறித்திருந்தார்கள். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது, கொஞ்ச நாளைக்குப் புத்தகம் பக்கம் போகக் கூடாது. முதல் இரண்டையும் பெரியம்மா பேசாமல் ஏற்றுக்கொண்டார். மூன்றாவதுதான் அவரைப் படுத்தியது. கல்யாணம் செய்துகொள்ளாமல் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கடைசியில் சூப்பிரண்டெண்டாக ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து தெருமுனை வாடகை நூலகம்தான் அவருக்குக் கோயில். ஆகவே ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் நான் வாசிப்பது, அவர் கேட்பது என்று ஏற்பாடு. கையில் ஆங்கிலப் புத்தகம், வாயில் தமிழ். பெரியம்மாவுக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரியும். இருந்தாலும் காதால் கேட்கத் தமிழ்தான் சுகம் என்றார்.

நான் எடுத்தது அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் 'நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி'. 1998-இல் வந்தது. அந்த வரிசையில் 2024-இல் 25-ஆவது நாவல் வெளியானது. ஆசிரியர் இன்றைய ஜிம்பாப்வேயின் புலவாயோவில் பிறந்தவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். 1980-களின் தொடக்கத்தில் போட்ஸ்வானா பல்கலைக்கழகத்தில் சட்டத் துறையை உருவாக்க உதவப் போனார். அந்த நாடு மனதில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

கதை தொடங்குவதே ஒரு சொத்துக் கணக்கோடுதான். போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனேயில், கலே மலையடிவாரத்தில் ஒரு துப்பறியும் நிலையம். அதற்குச் சொந்தமானவை: ஒரு குட்டி வெள்ளை வேன், இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு பழைய டைப்ரைட்டர், ஒரு தேநீர்க் கெண்டி, மூன்று குவளை. ஒன்று முதலாளிக்கு, ஒன்று செகரட்டரிக்கு, ஒன்று வாடிக்கையாளருக்கு. முதலாளி பிரெஷியஸ் ரமோட்ஸ்வே, முப்பதுகளின் நடுவில் இருக்கும் பருமனான பெண்மணி. பருமன் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது, "பாரம்பரிய உடல்வாகு" என்பார். அப்பா தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிப் பெருக்கிய மாடுகளை விற்றுத்தான் இந்தக் கடை.

குவளைக் கணக்கை வாசித்ததும் பெரியம்மா, "நாலாவது ஆள் வந்தா?" என்றார். வர மாட்டார்கள் என்கிற நம்பிக்கையில் வாங்கியது போல என்றேன். "பாவம்" என்றார். அவர் புத்தகத்துக்குள் நுழைந்தது அந்த இடத்தில்.

மொழிபெயர்த்துக்கொண்டே வாசித்ததில் எனக்கு ஒரு லாபம். அந்த நாட்டுச் செட்ஸ்வானா மொழியில் பெண்களை மரியாதையாக அழைப்பது 'ம்மா', ஆண்களை 'ர்ரா'. யாரும் யாரிடமும் இவை இல்லாமல் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் இந்த 'ம்மா' தொங்குவது கொஞ்சம் உறுத்தும். தமிழில் சொல்லிப் பார்த்தால்? "உட்காருங்கம்மா, டீ போடட்டுமாம்மா?" எங்கள் தெருவில் கேட்பது மாதிரியே இருந்தது. நான் எதையும் மாற்றவே வேண்டியிருக்கவில்லை.

சரி, மகன் கேட்ட கேஸுக்கு வருகிறேன். கேஸ்கள் இருக்கின்றன, வந்த வேகத்தில் முடிந்தும் விடுகின்றன. அப்பா என்று சொல்லிக்கொண்டு வந்து ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் ஆசாமி. ம்மா ரமோட்ஸ்வே நர்ஸ் வேஷத்தில் போய், "உங்கள் மகளை முதலை கடித்துவிட்டது, உங்கள் ரத்தம் வேண்டும், கொடுத்தால் உங்கள் உயிருக்கு உத்தரவாதமில்லை" என்கிறார். ஆள் உண்மையைக் கக்கிவிடுகிறான். ஒரு நாள் திறமையாகவும் மறுநாள் அரைகுறையாகவும் வைத்தியம் பார்க்கும் டாக்டர் இன்னொரு கேஸ். விசாரித்தால் இரட்டைச் சகோதரர்கள், படித்தவர் ஒருவர்தான். "டபுள் ஆக்‌ஷன்! இதை நான் முதல் பக்கத்துலயே சொல்லிருப்பேனே" என்றான் மகன். இரவு முழுக்க விழித்துக் கொரியத் தொடர் பார்த்துப் பழகியவன். ஒரு அத்தியாயம் முடிந்தால் மூச்சு முட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதையே அல்ல. அவனோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கேஸுக்காகப் படிக்கிறவர் இந்த வரிசையில் ஏமாந்துதான் போவார்.

ஆனால் "ஒன்றுமே நடப்பதில்லை" என்று பொதுவாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் நாவலில் ம்மா ரமோட்ஸ்வேயின் பழைய வாழ்க்கை வரும். நோட் மொகோட்டி என்ற டிரம்பெட் கலைஞனைக் காதலித்துக் கட்டிக்கொள்கிறார். அடிக்கிறவன். அவர்களுக்குப் பிறந்த குழந்தை சில நாட்களே உயிரோடு இருக்கிறது. இதைச் சொல்ல ஆசிரியர் எடுத்துக்கொள்வது கொஞ்சம் பக்கங்கள்தான், ஓலம் கிடையாது. அந்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்திவிட்டேன். பெரியம்மாவும் "மேலே படி" என்று சொல்லவில்லை. மூன்றாவது நாவலில், ஊரிலேயே நல்ல மெக்கானிக்கான ஜே.எல்.பி. மட்டேகோனி, எதிலும் பிடிப்பில்லாமல், கராஜுக்குக்கூடப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். மனச்சோர்வு என்று டாக்டர் சொல்கிறார். 'மென்மையான' நாவல் என்று அட்டையில் போட்டு விற்பதன் உள்ளே இருக்கும் சரக்கு இது.

அந்த மட்டேகோனி பற்றி இன்னொன்று. ம்மா ரமோட்ஸ்வே அவரை எப்போதும் இனிஷியலோடு முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். முதல் நாவலின் கடைசியில் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறார், கல்யாணம் நடப்பது ஐந்தாவது நாவலில். அதுவும் அநாதை இல்லம் நடத்தும் ம்மா பொட்டோக்வானே தலையிட்டு, ஆளைப் பிடித்து நிறுத்திய பிறகு. கல்யாணத்துக்குப் பிறகும் மிஸ்டர் ஜே.எல்.பி. மட்டேகோனிதான். புருஷன் பெயரை வாயால் சொல்லாமல் "உங்க பையனோட அப்பா" என்று சுற்றி வளைத்த பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த பெரியம்மாவுக்கு இந்த எதிர்த்திசை மரியாதை ரொம்பப் பிடித்துவிட்டது. "இனிஷியலைக்கூட விடலை பாரு."

எல்லாவற்றையும்விட அவரைப் பிடித்துக்கொண்டது செகரட்டரி கிரேஸ் மகுட்சி. பெரிய வட்டக் கண்ணாடி, பொபொனொங் என்ற ஏழைக் கிராமம், போட்ஸ்வானா செகரட்டேரியல் கல்லூரியில் இறுதித் தேர்வில் 97 சதவீதம். அந்தக் கல்லூரி அதுவரை காணாத மார்க். ஆனால் நல்ல வேலைகளெல்லாம் 50 வாங்கிய, பார்க்க லட்சணமான பெண்களுக்குப் போய்விடுகின்றன. 97 வாங்கியவர் வந்து சேர்வது மூன்று குவளை உள்ள ஆபீஸுக்கு. இத்தனை நாவல்களிலும் அந்த 97-ஐ அவர் மறக்கவில்லை, யாரையும் மறக்க விடவுமில்லை.

வெளிநாட்டு வாசகர்கள் பலர் இதை ஒரு நகைச்சுவைச் சரடாக எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்குச் சலிக்கிறது: எத்தனை தடவை இதையே சொல்வது? பிளஸ் டூ மார்க்கை முப்பது வருஷம் கழித்துக் கல்யாணப் பந்தியில் சொல்லும் ஊரில் பிறந்தவர்களுக்கு இந்தச் சலிப்பு வர நியாயமில்லை. பெரியம்மா எழுந்து போய், பீரோவின் மேல்தட்டில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழ். ஆங்கிலம், டிஸ்டிங்ஷன். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப்போயிருந்தது. கும்பகோணத்தில் மாடியில் இருந்த ஒரு இன்ஸ்டிடியூட்டில், காலை ஆறு மணி பேட்ச்சில், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று ரெமிங்டனைத் தட்டிக் கற்றது. ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 சொல். சுண்டுவிரலுக்குப் பலம் போதாமல் 'ஏ' மட்டும் மங்கலாக விழுமாம். அதற்காகவே தினம் ஒரு பக்கம் முழுக்க 'ஏ' அடித்தாராம். "கூட அடிச்சவ ஒருத்தி, லோயரே ரெண்டாவது தடவைதான் பாஸ் பண்ணா. அவளுக்குத்தான் கம்பெனியில வேலை. சிவப்பா இருப்பா." இதை எங்களிடம் அவர் அதுவரை சொன்னதே இல்லை. சொன்ன குரலில் ஐம்பது வருஷக் கோபம் சூடு ஆறாமல் இருந்தது.

நாலாவது நாவலில் ம்மா மகுட்சி ஆண்களுக்கென்று ஒரு டைப்பிங் பள்ளி தொடங்குகிறார். பெண்களோடு உட்கார்ந்து கற்க ஆண்கள் கூச்சப்படுகிறார்கள், ஏனென்றால் பெண்கள் அவர்களைவிட வேகம். பெரியம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில், கண்ணுக்கு ஆகாது என்று நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இதெல்லாம் ஒரு பக்கம். இனி என் தோழி. கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள், என்னோடு படித்தவள், நான் எதைப் பாராட்டினாலும் அதன் அடியைப் புரட்டிப் பார்ப்பவள். பெரியம்மாவைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்ததும் முகம் போன போக்கே சரியில்லை.

"இன்னுமா இதைப் படிக்கிறே? வெள்ளைக்காரர் எழுதின ஆப்பிரிக்கா. எல்லாரும் டீ குடிக்கிறாங்க, எல்லாரும் நல்லவங்க, மாடு மேயுது, சூரியன் அடையுது. 1998-ல அங்க என்ன நடந்துதுன்னு தெரியுமா உனக்கு?"

தெரியும், ஆனால் அவள் சொன்ன வேகத்தில் மறுபடி தெரிந்துகொண்டேன். 2000-களின் தொடக்கத்தில் போட்ஸ்வானாவில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்காவது எச்.ஐ.வி. தொற்று இருந்தது. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. இப்படியே போனால் இனமே அழிந்துவிடும் என்கிற அளவுக்கு அன்றைய ஜனாதிபதி ஃபெஸ்டஸ் மொகாயே எச்சரித்தார். 2002-இல் அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது, ஆப்பிரிக்காவில் அப்படி நாடு தழுவிச் செய்ததில் போட்ஸ்வானாதான் முன்னோடி. திட்டத்தின் பெயர் 'மாசா', விடியல் என்று பொருள். நாவல் வரிசையில் இது எங்கே? இருக்கிறது, ஆனால் ஓரத்தில். ம்மா மகுட்சியின் சகோதரர் நோயாளியாக அவர் வீட்டில்தான் கடைசி நாட்களைக் கழிக்கிறார். அநாதை இல்லம் ஏன் அத்தனை நிறைந்திருக்கிறது என்பதும் புரிகிறவர்களுக்குப் புரியும். நோயைப் பற்றிய பேச்சு மட்டும் பெரும்பாலும் பூடகம்தான். இதைப் பண்பு என்பார் பெரியம்மா, ஏய்ப்பு என்பாள் தோழி. "நம்ம வீட்ல மட்டும் கேன்சர்னு வாய்விட்டுச் சொன்னோமா? 'அந்த வியாதி'ன்னுதானே சொன்னோம்" என்று பெரியம்மா கேட்டது உண்மைதான். பெரியப்பா முறையில் ஒருவர் அப்படித்தான் போனார். "அதனாலதான், பெரியம்மா, அவருக்கு லேட்டா வைத்தியம் பார்த்தாங்க" என்று தோழி சொன்னதும் உண்மைதான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அடுத்த வாரம் தோழி ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். யூனிட்டி டவ் எழுதிய 'தி ஸ்க்ரீமிங் ஆஃப் தி இன்னசென்ட்', 2002-இல் வந்த நாவல். யூனிட்டி டவ் யார் என்பது முக்கியம். வெளிநாட்டவரை மணந்த பெண் தன் குழந்தைகளுக்குக் குடியுரிமை தர முடியாது என்றிருந்த சட்டத்தை எதிர்த்து அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டு வென்றவர். 1998-இல் போட்ஸ்வானா உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். ம்மா ரமோட்ஸ்வே அச்சில் பிறந்த அதே வருஷம்! போதாததற்கு இருவருக்கும் ஒரே ஊர், மொச்சூடி. ஒருவர் நிஜத்தில் பிறந்தது, இன்னொருவர் கற்பனையில் பிறந்தது.

தோழி இதை எதற்குக் கொடுத்தாள் என்று படிக்கத் தொடங்கியதும் விளங்கியது. மெக்கால் ஸ்மித்தின் முதல் நாவலில் சின்னச் சின்னக் கேஸ்களுக்கு நடுவே ஒரு பெரிய கேஸ் ஓடுகிறது. ஒரு பள்ளி ஆசிரியரின் மகன், சிறுவன், காணாமல் போகிறான். பழுதுபார்க்க வந்த ஒரு பணக்காரரின் காரில் மட்டேகோனி ஒரு சிறு பையைக் கண்டெடுக்கிறார், உள்ளே எலும்பு. 'மூட்டி' என்று சொல்லப்படும் மந்திர மருந்து. அதற்காக மனிதரை, அதிலும் குழந்தைகளைக் கொல்கிற கொடுமை அந்தப் பகுதியில் உண்டு. மொச்சூடியிலேயே 1994-இல் ஒரு பள்ளிச் சிறுமி அப்படிக் கொல்லப்பட்டாள். விசாரணையில் நம்பிக்கை இழந்த மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், போராட்டம் தலைநகர் வரை பரவியது. யூனிட்டி டவ்வின் நாவலும் இதே கொடுமையைப் பற்றியதுதான். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி மறைகிறாள். மிருகம் தூக்கிப் போயிருக்கும் என்று போலீஸ் கோப்பை மூடிவிடுகிறது. ஐந்து வருஷம் கழித்து, கிராமத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் தேசிய சேவைக்கு வந்த இளம்பெண் ஒரு பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே ரத்தக்கறை படிந்த துணிகள். முடிவை நான் இங்கே சொல்லப் போவதில்லை. நெஞ்சில் பலம் இல்லாத நாளில் படிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மெக்கால் ஸ்மித்தின் நாவலில் பையன் உயிரோடு கிடைக்கிறான். எங்கோ ஒரு மாட்டுப்பட்டியில் இருப்பவனை ம்மா ரமோட்ஸ்வே போய்க் கூட்டிவருகிறார்.

வாசகர்கள் இந்த வகை நாவல்களைப் பற்றிச் சண்டை போடும்போது வேகம் போதாது, சஸ்பென்ஸ் இல்லை என்றெல்லாம் பேசுகிறோம். எனக்கென்னவோ உண்மையான சண்டை இந்த ஒரு இடத்தில்தான் என்று படுகிறது: பையன் திரும்பி வரலாமா? நிஜத்தில் திரும்பாத குழந்தையைக் கதையில் திருப்பிக் கொண்டுவருவது ஆறுதலா, பொய்யா? தோழிக்குப் பொய். அதுவும் வெளியிலிருந்து வந்தவர் சொல்கிற, கேட்க இதமான பொய். மகனுக்கு அது சப்பென்ற முடிவு. எனக்குக் கொஞ்ச நாள் பதில் இல்லாமல்தான் இருந்தது. இப்போது கேட்டால், பையன் வரட்டும் என்பேன். ஆனால் அவன் வராமல் போன கதையையும் அலமாரியில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சொல்வேன். ரமோட்ஸ்வேயை மட்டும் படித்துவிட்டு போட்ஸ்வானாவைத் தெரிந்துகொண்டதாக நினைப்பவரோடு எனக்கும் ஒத்துவராது. யூனிட்டி டவ்வை மட்டும் படித்துவிட்டு அங்கே யாரும் டீ குடிப்பதில்லை என்று நினைப்பவரோடும்தான்.

டீ என்றதும் நினைவுக்கு வருகிறது. ம்மா ரமோட்ஸ்வே குடிப்பது 'புஷ் டீ', அதாவது ரூயிபோஸ். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி மலைகளில் விளையும் ஒரு புதரின் இலை. சிவப்பாக இறங்கும், காஃபின் கிடையாது. ஆர்வக் கோளாறில் ஆன்லைனில் வரவழைத்தேன். பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "கஷாயத்துல சேத்தி" என்று தம்ளரைத் தள்ளிவிட்டார். ம்மா மகுட்சிக்கும் அது பிடிக்காது. முதலாளிக்குப் பிடித்ததாயிற்றே என்று வருஷக்கணக்கில் மென்று விழுங்கிக் குடித்துவிட்டு, சில நாவல்கள் கழித்துத்தான் உண்மையைச் சொல்கிறார். இந்த வரிசையில் 'சம்பவம்' என்றால் இதுதான். அத்தனை வருஷம் கூடவே இருந்து வாசித்தவருக்கு மட்டும் அது சம்பவம்.

குறை சொல்லாமல் விட்டால் நான் பக்தையாகிவிடுவேன். பன்னிரண்டு, பதின்மூன்றாவது நாவல்களுக்குப் பிறகு சரக்கு நீர்த்துப்போகிறது. கேஸ்கள் ஊகிப்பதற்கு முன்பே அவிழ்கின்றன. ம்மா மகுட்சியின் காலணிகள் அவரோடு பேசுவது முதலில் வேடிக்கை, பத்தாம் முறை அலுப்பு. ம்மா ரமோட்ஸ்வே வேன் ஓட்டியபடி பழைய நாட்களின் பண்பாட்டை நினைத்து ஏங்கும் பத்திகளை நான் வாசிப்பில் சத்தம் போடாமல் தாண்டிவிடுவேன். இரண்டு தடவை பிடிபட்டேன். "நடுவுல எதையோ முழுங்கறே" என்றார் பெரியம்மா. எல்லாம் பழைய சமாச்சாரம் பெரியம்மா, போன புத்தகத்தில் வந்ததுதான் என்றேன்.

"தினம் ரசம் வெக்கறே. நேத்து வெச்ச அதே ரசம்தானேன்னு நான் கேட்டேனா?"

அவசரமாக ஒரே மூச்சில் நாலைந்தைப் படிப்பவர்களுக்குத்தான் இந்த அலுப்பு அதிகம் என்று நினைக்கிறேன். வருஷத்துக்கு ஒன்று என்று வந்த புத்தகங்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையை ஒரு வாரம் முழுக்க மென்றவர்களுக்கு இது தெரியும். அப்புறம், அந்தத் தொடர்களை பைண்டு செய்து மொத்தமாகப் படித்தபோது "இதற்கா அப்படிக் காத்திருந்தோம்" என்று நொந்ததும் நாம்தான்.

இரண்டாவது கண்ணும் சரியானது. புதுக் கண்ணாடி போட்டுப் பெரியம்மா முதலில் படித்தது, தோழி விட்டுப்போன யூனிட்டி டவ். மூன்று நாளில் முடித்தார். இடையில் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்லப் போகிறாரோ என்று தோழியும் காத்திருந்தாள், நானும்தான். போனில் தோழியிடம், "ஜட்ஜம்மா தனக்குத் தெரிஞ்சதை எழுதியிருக்கா. நல்லா எழுதியிருக்கா. எனக்குத் தூக்கம் வரலை" என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது நீங்களே படிக்கலாமே என்றேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பழசை எடு. அந்தப் பையனை வேன்ல ஏத்திக்கிட்டு வருவாளே, அந்த எடத்தைப் படி. எதையும் முழுங்காமப் படி."

டிவி பார்த்துக்கொண்டிருந்த மகன் சத்தத்தைக் குறைத்தான்.